அனிமேஷன் என்றால் பிள்ளைகள் படமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு தங்கள் சினிமா பக்கத்தில் ஸ்பைடர்மேன் படங்களைத் தரவரிசைப்படுத்தி ஒரு கட்டுரை வந்திருந்தது. டோபி மெகுவயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்டு, டாம் ஹாலண்ட் நடித்த படங்களை ஒவ்வொன்றாக அலசிய கட்டுரையாளர், 2018-இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ படத்தை மட்டும் வரிசையில் சேர்க்காமல், கடைசியில் ஒரு கட்டத்துக்குள் போட்டு, பிள்ளைகளோடு பார்க்கலாம் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். ரத்தமும் சதையுமாக ஒரு நடிகர் நின்றால்தான் அந்த வீரன்மேல் பார்ப்பவருக்குப் பாசம் வரும் என்பது அவர் வாதம். அதை என்னால் ஏற்க முடியவில்லை. இதுவரை வந்த ஸ்பைடர்மேன் படங்களில் ஆகச் சிறந்தது அந்த அனிமேஷன் படம்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் இல்லையென்றால் சுருக்கிக்கொள்ளுங்கள்.

நான் காரைக்குடியில் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறவன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், அறுபதாம் கல்யாணத்துக்குப் போடும் மலர், கடைக்காரர்களுக்கு மாதக் காலண்டர், இவைதான் எங்களுக்கு வருகிற வேலை. எங்கள் தொழிலில் ஒரு கலர் படம் என்பது நான்கு நிறங்களின் கூட்டு. சியான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி பிளேட். பிளேட்டில் நிறம் முழுசாகப் படிந்திருக்காது, பொடிப்பொடியாகப் புள்ளிகள்தான் இருக்கும். நான்கும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகும்போது ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தி விழுவது, கச்சிதமாக உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் அம்மன் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். பட்டுப்புடவையின் கரையோரம் நீலமாக ஒரு கோடு ஓடும். ஷீட்டை மேஜைமேல் விரித்து, லென்ஸை வைத்து, ஓரத்தில் இருக்கும் கூட்டல் குறியில் நான்கு நிறமும் ஒன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் மிஷின்மேனுக்கு முதல் வேலை. புள்ளி வெளியே தெரியக்கூடாது, நிறம் விலகக்கூடாது. நாளெல்லாம் நாங்கள் பாடுபடுவது இந்த இரண்டுக்காகத்தான்.

அப்படிப்பட்டவன் பேரனோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தபோது, ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். முகத்தில் நிழல் விழுகிற இடமெல்லாம் புள்ளி. தூரத்துக் கட்டடங்களின் விளிம்பில் சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் என்று விலகி நிற்கிறது. டிவியில் ஏதோ கோளாறு என்று மருமகள் ரிமோட்டைத் தேடினார். கோளாறு ஒன்றும் கிடையாது, அத்தனையும் வேண்டுமென்றே செய்தது. கேமராவில் எடுக்கும் படத்தில் கிட்டத்தில் நிற்பவர்மேல் ஃபோகஸ் வைத்தால் பின்னால் இருப்பது மங்கிப்போகும். வழக்கமான கம்ப்யூட்டர் அனிமேஷனும் அதையே அப்படியே நடித்துக் காட்டும். இவர்கள் மங்க வைக்கவில்லை. எது ஃபோகஸில் இல்லையோ அதன் ரெஜிஸ்டரை விலக்கிவிட்டார்கள்! அச்சகத்தில் கழிவுக்குப் போகிற ஷீட்டில் தெரியும் குறையை எடுத்து, கேமரா லென்ஸ் செய்கிற வேலையை அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்த யோசனை யாருக்கு முதலில் வந்ததோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு.

இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. ஸ்பைடர்மேன் பிறந்ததே அச்சில்தான். 1962 ஆகஸ்ட் தேதியிட்டு வந்த ‘அமேசிங் ஃபேன்டசி’யின் 15-ஆவது இதழில் அவன் முதலில் தோன்றினான். எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ, விலை 12 சென்ட். மலிவுத் தாளில் வேகமாக அடித்துத் தள்ளிய புத்தகம் என்பதால் புள்ளி தெரியும், நிறம் கோட்டைத் தாண்டும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அந்த வீரனைப் பார்த்தது அந்தப் புள்ளிகளில்தான். சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். அந்த மாயாவிக்கு எந்த நடிகரின் முகம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. லீயும் டிட்கோவும் அந்த 2018-ஆம் வருஷத்திலேயே, படம் வெளிவருவதற்கு முன்னால், அடுத்தடுத்து மறைந்தார்கள். படத்தை அவர்கள் இருவருக்கும்தான் காணிக்கையாக்கியிருக்கிறார்கள். பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் செய்த மரியாதையாக எனக்கு அது பட்டது.

அடுத்தது அசைவு. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். சாதாரணமாகக் கம்ப்யூட்டரில் செய்யும் படங்களில் 24 ஃபிரேமிலும் உருவம் நகர்ந்துகொண்டே இருக்கும், வழுக்கிக்கொண்டு போகும். இந்தப் படத்தில் பல இடங்களில் ஒரு நிலையை இரண்டு ஃபிரேமுக்கு அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். நொடிக்கு 12 நிலைதான் வரும். கை நீட்டியது, முதுகு வளைந்தது, கால் எம்பியது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணில் பதியும். இதை வைத்து அவர்கள் செய்திருக்கும் ஒரு காரியத்தைக் கட்டுரையாளர் கவனித்தாரா என்று தெரியவில்லை. புதிதாக ஸ்பைடர்மேன் ஆகியிருக்கும் கதாநாயகப் பையன் மைல்ஸும், வேறொரு உலகத்திலிருந்து வந்த பழுத்த ஸ்பைடர்மேனான பீட்டரும் பனிக்காட்டுக்குள் மரத்துக்கு மரம் நூல் வீசித் தப்பி ஓடுவார்கள். அங்கே பீட்டர் நொடிக்கு 24, மைல்ஸ் நொடிக்கு 12. ஒரே காடு, ஒரே துரத்தல். அனுபவசாலி தண்ணீர் மாதிரி போகிறார், பையன் தட்டுத் தடுமாறிப் பின்னால் வருகிறான். அவனுக்கு இன்னும் தொழில் பிடிபடவில்லை என்று யாரும் வசனம் பேசவில்லை. படத்தின் பின்பகுதியில் அவன் தேறியதும் அவன் அசைவும் சீராகிவிடுகிறது. நடிகர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் தன் உடம்பால் இதைச் செய்ய முடியாது. கேமராமுன் நிற்கும் இரண்டு பேருக்கும் காலம் ஒரே வேகத்தில்தான் ஓடும்.

அப்புறம் முகமூடி. ஸ்பைடர்மேனின் முகத்தை முழுக்க மூடிவிட்டு, கண் இருக்கும் இடத்தில் இரண்டு வெள்ளைத் துண்டை மட்டும் வைத்தார் டிட்கோ. காமிக்ஸில் ஓவியர் அந்த வெள்ளையைக் கொஞ்சம் அகலமாகப் போட்டால் ஆச்சரியம், சுருக்கினால் கோபம். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். நடிகர்களை வைத்து எடுக்கும்போது அதே முகமூடி பெரிய இடைஞ்சலாகிவிட்டது. சாம் ரெய்மி இயக்கிய படங்களில் முக்கியமான இடம் வந்தால் முகமூடி கிழிந்துவிடும், அல்லது கழன்றுவிடும். நடிகரின் முகம் தெரிந்தாக வேண்டுமே! டாம் ஹாலண்ட் வந்த 2016-க்குப் பிறகு, கண்ணாடிக்குள் ஏதோ இயந்திரம் இருப்பதாகச் சொல்லித்தான் கண்ணை அசைத்தார்கள். காமிக்ஸ் ஓவியர் பேனாவை ஒரு இழுப்பு இழுத்துச் செய்ததற்கு, கதைக்குள் ஒரு கோடீஸ்வர விஞ்ஞானி வந்து உடை தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நடிகர்கள் படத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2004-இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ எனக்கு மிகவும் பிடித்த படம். ஓடுகிற ரயிலைத் தன் உடம்பைக் கொடுத்து நிறுத்திவிட்டு அவன் மயங்கிச் சாயும்போது, பயணிகள் அவனைத் தலைக்குமேல் ஏந்தி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துவார்கள். முகமூடி இல்லாத அந்த முகத்தைப் பார்த்து, இவ்வளவு சின்னப் பையனா என்று ஒருவர் சொல்வார். அந்த இடத்தில் டோபி மெகுவயரின் வேர்த்து வெளிறிய முகம் செய்வதை வரைந்த முகம் அப்படியே செய்துவிடாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே படத்தில் அவன் கட்டடங்களுக்கு நடுவே ஊஞ்சலாடிப் போகும்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் நடிகரையே அல்ல, கம்ப்யூட்டரில் செய்த உருவத்தைத்தான். சண்டை என்று வந்தால் இன்றைய சூப்பர் ஹீரோ படங்கள் பாதிக்குமேல் அனிமேஷன்தான். அதை அனிமேஷன் என்று தெரியாமல் மறைப்பதற்கே பணத்தைக் கொட்டுகிறார்கள். மறைத்துச் செய்வதற்கு மரியாதை, ‘ஆமாம், வரைந்ததுதான்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதற்குப் பிள்ளைகள் முத்திரை. இது என்ன நியாயம்?

வரைந்த முகத்தில் உணர்ச்சி வராது என்கிறவர்கள் மைல்ஸின் அப்பா கதவுக்கு வெளியே நின்று பேசும் காட்சியைத் திரும்பப் பார்க்க வேண்டும். போலீஸ்காரரான அந்த மனிதர் தன் தம்பியைப் பறிகொடுத்துவிட்டு, பள்ளி விடுதிக்கு வந்து மகனின் அறைக் கதவைத் தட்டுகிறார். உள்ளே மைல்ஸ் நாற்காலியோடு கட்டிப்போடப்பட்டு, வாயும் அடைபட்டுக் கிடக்கிறான். பேச முடியாது. மகனுக்குத் தன்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே, மனசில் இருப்பதையெல்லாம் மூடிய கதவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறார் அப்பா. திரை இரண்டாகப் பிரிந்து இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நிற்பார்கள். காமிக்ஸில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடும் வெள்ளை இடம் போலத்தான் அந்தக் கதவு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த பேரன், “ஐயா, அவன் இப்ப எந்திரிச்சிருவான் பாருங்க” என்று எனக்குத் தைரியம் சொன்னான்.

எந்திரித்துத்தான் விடுகிறான். தன் உடையைத் தானே கறுப்பாக ஸ்பிரே அடித்துக்கொண்டு, உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்கிறான். பயத்தில் விரல் நுனி கண்ணாடியை விடாமல் ஒட்டியிருக்கும். குதிக்கும்போது கண்ணாடியும் உடைந்துகொண்டு வரும். காட்சி தலைகீழாகத் திரும்பியிருக்கும். விழுகிற பையன் நகரத்தை நோக்கி மேலே ஏறுவதுபோல் இருக்கும். 2019-இல் ஆஸ்கர் குழுவினர் சிறந்த அனிமேஷன் படம் என்று இதற்கு விருது கொடுத்தார்கள். அங்கும் அனிமேஷன் வரிசையில்தான் கொடுத்தார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரனாக இன்னொன்று சொல்ல வேண்டும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பட்டாலை என்கிற கூடத்திலும் வளவு என்கிற உள்முற்றத்திலும் ரவிவர்மா படங்கள் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1894-இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த கல் அச்சுப் படங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். சில வீடுகளில் அந்தப் படத்துச் சரஸ்வதியின் சேலைக்கு ஜரிகையும் சமுக்கியும் ஒட்டி அழகு பார்த்திருக்கிறார்கள். அச்சடித்த தாள்தானே என்று யாரும் அவற்றைப் பிள்ளைகள் அறைக்கு அனுப்பவில்லை, விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். மனித அளவை மீறிய ஒரு உருவத்தைக் காட்ட வேண்டுமானால் வரைவதுதான் வழி என்பது நம் ஆட்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். நாடக மேடையில் ராவணன் வேஷம் கட்டுபவருக்கு அட்டையில் ஒன்பது தலை செய்து மாட்டுவார்கள். அவர் திரும்பினால் அட்டையும் மொத்தமாகத் திரும்பும். ஒரு தலை பேசும், ஒன்பது சும்மா இருக்கும். படத்தில் வரைந்த ராவணனுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. பத்தும் அவன் தலைதான். பங்குனியில் இங்கே நடக்கும் கம்பன் விழாவில் உருக்காட்டுப் படலத்தைச் சொல்லக் கேட்டவர்கள், சீதைமுன் அனுமன் வளர்ந்து நிற்பதை எந்த நடிகரை வைத்தும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2023-இல் வந்த இரண்டாம் பாகம், ‘அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்’, தமிழிலும் வெளியானது. அதில் ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு ஓவிய முறை. க்வென் என்ற பெண்ணின் உலகம் முழுக்க நீர் வண்ணம். அப்பாவோடு மனஸ்தாபம் வரும்போது சுவர் நிறம் கரைந்து வழிகிறது, சமாதானமாகும்போது நிறம் மாறுகிறது. இன்னொரு ஸ்பைடர்மேன் ஜெராக்ஸ் எடுத்து வெட்டி ஒட்டிய நோட்டீஸ் மாதிரியே இருக்கிறான். உடம்பு ஒரு வேகத்தில் அசைகிறது, சட்டை ஒரு வேகத்தில். இந்திய ஸ்பைடர்மேனான பவித்ர் பிரபாகர் வரும் நகரத்துக்கு நம் பழைய இந்திரஜால் காமிக்ஸின் அச்சைப் பார்த்து நிறம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் மட்டமான அச்சு என்று நம் தொழிலில் உள்ளவர்களே ஒதுக்கிய அந்த நிறங்களை, அமெரிக்கக் கலைஞர்கள் தேடிப் பிடித்துத் திரை முழுக்கப் பூசியிருக்கிறார்கள். படம் கொஞ்சம் நீளம்தான், கதையும் பாதியில் நின்றுவிடுகிறது. முதல் பாகத்தின் கட்டுக்கோப்பு இதில் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு ஃபிரேமையும் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம்.

தமிழில் இதைக் கேட்டபோது குரல் உறுத்தவே இல்லை. தெரிந்த நடிகரின் வாயிலிருந்து வேறொருவர் குரல் வரும்போது நமக்கு எங்கோ இடிக்கும். வரைந்த மைல்ஸுக்கு அப்படி ஒரு சொந்தக் குரல் நம் காதில் முன்கூட்டியே பதிந்திருக்கவில்லை. தமிழ் பேசினால் தமிழ்ப் பையனாகவே ஆகிவிடுகிறான். டப்பிங் பற்றிப் பேச எங்கள் ஊருக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. காரைக்குடியில் பிறந்த ஏவி.மெய்யப்பச் செட்டியார்தான் கன்னட ‘ஹரிச்சந்திரா’வுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து 1944-இல் வெளியிட்டவர். இந்தியாவில் ஒரு மொழிப் படம் இன்னொரு மொழிக்கு டப்பிங் ஆனது அதுவே முதல் தடவை. அவர் இதே ஊரில், தேவகோட்டை ரஸ்தாவில், ஸ்டுடியோ போட்டு ‘நாம் இருவர்’ எடுத்தார். அப்படிப்பட்ட ஊரில், இந்த இரண்டாம் பாகத்தை ஒரு தியேட்டரில் காலைக் காட்சி மட்டும் போட்டுவிட்டு, பிள்ளைகள் படம்தானே என்று சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் எப்போது பார்ப்பது? என் மிஷின்மேனுக்கும் பார்க்க ஆசை இருந்தது, முடியவில்லை.

அனிமேஷன் என்று பெயர் இருந்தாலே நல்ல படம் என்றும் நான் வாதாட வரவில்லை. 2014-இல் நம் ‘கோச்சடையான்’ வந்தது. நம் ஆட்கள் துணிந்து செய்த பெரிய முயற்சி. அதில் என் மனசு ஒட்டாததற்குக் காரணம், ரஜினி அசலாக நிற்பதுபோலவே காட்ட வேண்டும் என்று அவர்கள் பட்ட பாடு. அசல் ரஜினிதான் நமக்கு இருக்கிறாரே! அவரையே ஒரு ஓவியர் தன் கோட்டில் வரைந்து, தன் நிறத்தில் நடக்க விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சினிமா பேனர் எழுதிய நம் கலைஞர்கள், ஊதா நிழலும் ஆரஞ்சு வெளிச்சமுமாக நடிகர்களின் முகத்தை வரைந்தார்களே, அந்த முறையிலேயே ஒரு படம் அசைந்தால்? ஃபிளெக்ஸ் வந்து அந்தக் கை வேலையை ஓரங்கட்டிவிட்டது. அந்த பிரஷ் ஓட்டத்துக்கு ஒரு புது வாழ்வு அனிமேஷனில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். சென்னையில் அனிமேஷன் வேலை செய்யும் நம் பிள்ளைகளைச் சந்தித்துப் பேசி, அவர்கள் என்ன செய்கிறார்கள், தமிழில் ஒரு வீரனை வரைந்து திரையில் ஓடவிட எவ்வளவு ஆள், எவ்வளவு காலம், எவ்வளவு பணம் ஆகும் என்று விசாரித்து எழுதுங்கள். சிவகாசியில் காமிக்ஸ் அட்டைக்கு வரைந்தவர்கள், பேனர் எழுதியவர்கள் யாராவது இன்னும் தொழிலில் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். ஸ்பைடர்வெர்ஸின் மூன்றாம் பாகம் வரவிருக்கிறது; அதற்கு முன்னால் அந்தக் கட்டுரை வந்தால் நன்றாக இருக்கும். புள்ளி, ஸ்கிரீன், ரெஜிஸ்டர் பற்றி எழுதுபவருக்குச் சந்தேகம் வந்தால் எங்கள் அச்சகத்துக்கு அனுப்பி வையுங்கள். மிஷினை ஓட்டி, ரெஜிஸ்டரை விலக்கியும் சேர்த்தும் நேரிலேயே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
செக்காலை, காரைக்குடி